தென்பெண்ணையின் பழைய தடங்கள்: வாசகர் கேள்வி-பதில்

ஆற்றுப் படிவுகளையும் அவற்றில் புதைந்து கிடக்கும் தாவர எச்சங்களையும் கொண்டு பழைய ஆற்றுச் சூழலை அறியும் முறை பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டுத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் தேர்ந்தெடுத்த கேள்விகளுக்கே இம்முறை பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம்.

காவேரிப்பட்டணம் அருகிலிருந்து விவசாயி ஒருவர்: எங்கள் நிலம் தென்பெண்ணை ஆற்றிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கிணற்றைத் தூர்வாரி ஆழப்படுத்தியபோது மேலே கெட்டியான களியும், 20 அடிக்குக் கீழே ஆற்றுமணலும் வழவழப்பான கூழாங்கற்களும் வந்தன. ஆறு ஒரு காலத்தில் எங்கள் நிலத்தின் வழியாக ஓடியதா? எப்போது என்று சொல்ல முடியுமா?

ஏதோ ஒரு நீரோட்டம் அவ்வழியே ஓடியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. அது தென்பெண்ணைதானா, அல்லது பக்கத்துக் குன்றிலிருந்து இறங்கிய ஓடையா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுக்குகள் அமைந்திருக்கும் வரிசையிலிருந்து தொடங்கலாம். ஆற்று நீர் வேகமாக ஓடும்போது பெரிய கற்களையும் உருட்டிச் செல்லும். வேகம் தணியத் தணியப் பெரியவற்றை முதலிலும் சிறியவற்றைப் பின்னரும் கைவிடும். வளைந்து ஓடும் ஆறு தன் தடத்தை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டே போனால், அது விட்டுவிட்டுப் போன இடத்தில் அடியில் சரளையும் கூழாங்கல்லும், அதன்மேல் குருமணலும், அதற்கும் மேல் பொடிமணலும், எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளக் காலத்தில் மட்டும் வந்து படியும் வண்டலும் களியும் ஒரு வரிசையாக அமையும். தங்கள் கிணற்றில் தெரிவது இந்த வரிசையானால், கீழே இருப்பது ஆற்றின் தடம். மேலே இருப்பது ஆறு விலகிய பின் அமைந்த வெள்ளச் சமவெளி. கூழாங்கல் அடுக்குக்கு நேர்மேலே, நடுவில் மணலே இல்லாமல் களி தொடங்கியிருந்தால் வேறு விதமாக யோசிக்க வேண்டும். ஆறு ஏதோ ஒரு பெருவெள்ளத்தில் புதுவழி வெட்டிக்கொண்டு போய்விட, பழைய தடம் நீர் தேங்கிய மடுவாகி, அதில் களி படிந்திருக்கலாம்.

அடுத்து, கிணற்றுச் சுவரில் கூழாங்கற்கள் எப்படிக் கிடக்கின்றன என்று பாருங்கள். வெளியே கொட்டிய குவியலில் இதைக் காண இயலாது. ஆற்றின் அடியில் தட்டையான கற்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். நீர் வரும் திசையை நோக்கி அவற்றின் சரிவு இருக்கும். மணலில் தெரியும் மெல்லிய சாய்வுக் கோடுகளோ இதற்கு மாறாக, நீர் போகும் திசையில் சரிந்திருக்கும். இவ்விரண்டையும் ஒரு சாதாரணத் திசைகாட்டியால் பல இடங்களில் அளந்தால் பழைய ஓட்டத்தின் திசை தெரிந்துவிடும். அது இன்றைய ஆற்றின் போக்கோடு ஒத்துப்போனால் தென்பெண்ணை என்ற எண்ணம் வலுப்பெறும். ஆற்றை நோக்கிக் குறுக்காக அமைந்தால் அது ஓடையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கற்களின் வகையும் உதவும். நந்தி மலைப் பகுதியில் தோன்றி வரும் தென்பெண்ணை வழியெங்கும் பலவகைக் கிரானைட்டையும் ‘நைஸ்’ எனப்படும் வரிவரியான பாறையையும் வெண்படிகக் கல்லையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. அவ்வளவு தொலைவு உருண்டு வந்த கற்களின் முனைகள் தேய்ந்திருக்கும், வகைகளும் கலந்திருக்கும். அருகிலுள்ள குன்றின் பாறை மட்டுமே, அதுவும் முனை மழுங்காமல் கிடைத்தால் ஆற்றை விட்டுவிடலாம்.

மேலே உள்ள களியையும் அலட்சியமாக அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அதில் சுக்கான் உருண்டைகள் இருந்தால், அந்த நிலம் நெடுங்காலம் புதுவெள்ளம் ஏறாமல், ஆண்டில் பல மாதம் காய்ந்து கிடந்திருக்கிறது என்று பொருள். மண்ணில் கரைந்த சுண்ணாம்பு நீர் ஆவியாகும்போது இறுகி உருண்டையாவதற்குக் காலம் பிடிக்கும். களி சாம்பல் நிறமாகவும் அதில் துருப்பிடித்தது போன்ற புள்ளிகளுடனும் இருந்தால், அது நீர் தேங்கியும் வடிந்தும் மாறிமாறி இருந்த இடம். கிருஷ்ணகிரி அணை 1957இல் கட்டி முடிக்கப்பட்ட பின் மேலிருந்து வரும் மணலில் பெரும்பகுதி அணையிலேயே தங்கிவிடுகிறது; எனவே அணைக்குக் கீழே உள்ள தங்கள் பகுதியில், மேற்பரப்பில் இருக்கும் மிக அண்மைக் காலத்துப் படிவை வைத்துக்கொண்டு பழைய ஆற்றின் இயல்பை மதிப்பிடக் கூடாது.

‘எப்போது’ என்ற கேள்விக்கு மணலே பதில் சொல்லும். வெண்படிக மணலில் ஒளிர்வுக் காலக்கணிப்பு என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். மண்ணில் இயல்பாகவே உள்ள கதிரியக்கத்தால், புதைந்து கிடக்கும் மணற்பரலுக்குள் ஆற்றல் சிறிது சிறிதாகச் சேர்கிறது. வெயில் பட்டால் அது வெளியேறிப் பரல் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. ஆகவே ஆய்வகத்தில் அளக்கப்படுவது, அந்தப் பரல் கடைசியாக வெயிலைக் கண்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது. ஏறத்தாழ 1 லட்சம் ஆண்டு வரை இம்முறை பொதுவாக நன்றாக உதவும். மாதிரி எடுப்பவர்கள் சுவரின் மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு, இரும்புக் குழாயை மணலுக்குள் அடித்து இறக்கி, இரு முனைகளையும் வெளிச்சம் புகாதவாறு மூடி எடுத்துச் செல்வார்கள். தாங்கள் வெளியே கொட்டிய மணல் வெயில் பட்டுவிட்டது. அதனால் இனிப் பயனில்லை. கிணற்றுச் சுவரில் இருக்கும் மணல் இன்னும் பயன்படும். ஒரே ஒரு குறை உண்டு. கலங்கலான வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட பரல்களுள் சில வெயிலையே காணாமல் புதைந்திருக்கும். அவை உண்மையைவிட அதிக வயதைக் காட்டும். அதனால்தான் இக்காலத்தில் பரல் பரலாகப் பிரித்து அளக்கிறார்கள்.

ஓசூரிலிருந்து ஒரு வாசகர்: ஒகேனக்கல் பாறை உலகிலேயே மிகப் பழமையானவற்றுள் ஒன்று என்கிறார்கள். அப்படியானால் காவிரியும் அவ்வளவு பழமையானதா?

இல்லை. ஒகேனக்கல்லில் உள்ள கார்பனடைட் என்ற சுண்ணாம்புச் சத்து மிகுந்த பாறையின் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள். அது பாறைக் குழம்பு இறுகிய காலம். ஆறு அதன்மேல் ஓடத் தொடங்கியது அதற்கு மிக மிகப் பின்னால். பழைய வீட்டை வாங்கியவரின் வயதை வீட்டுப் பத்திரத்தில் தேடுவதில்லை அல்லவா?

தர்மபுரியிலிருந்து தாவரவியல் மாணவி ஒருவர்: மகரந்தத் துகளைக் கொண்டு பழங்காலக் காடுகளைக் கண்டறிவதாகப் பாடத்தில் படித்தோம். நம் மாவட்டத்து ஆற்றுப்படுகைகளில் இதைச் செய்ய முடியுமா? எங்கள் துறையில் ஒரு முயற்சியாக எடுத்துப் பார்த்த செம்மண்ணில் எதுவும் தெரியவில்லை.

எதுவும் தெரியாதது தங்கள் கைப்பிழையன்று. மகரந்தத் துகளின் வெளிச்சுவர் ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. அமிலங்களுக்குக்கூட எளிதில் மசியாது. மண் மாதிரியிலுள்ள சுண்ணாம்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாலும் மணற்சத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தாலும் கரைத்த பிறகும் மகரந்தம் எஞ்சி நிற்பது அதனால்தான். (ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் எலும்பு வரை ஊடுருவிச் சென்று கேடு செய்வது, தகுந்த பாதுகாப்பு அறையும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் இல்லாத இடத்தில் அதைத் தொடவே வேண்டாம்.) இவ்வளவு உறுதியான அந்தச் சுவருக்கும் ஒரு பகை உண்டு: காற்று. நனைந்தும் காய்ந்தும் மாறிமாறி வரும் மண்ணில் ஆக்சிஜனும் பூஞ்சைகளும் அதைத் தின்றுவிடுகின்றன. நம் மாவட்டங்களின் செம்மண்ணும் ஆற்றோர மணலும் இப்படிப்பட்டவை. மண் சிவப்பாக இருப்பதே அதில் காற்று நன்கு புகுந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். கறுத்த, பிசுபிசுப்பான, ஆண்டு முழுவதும் ஈரம் வற்றாத களியைத் தேடுங்கள். ஆறு கைவிட்ட பழைய மடுக்களின் அடிக்களி, பெரிய ஏரிகளின் மதகை ஒட்டிய ஆழமான பகுதி ஆகியவை நம்பிக்கை தரும் இடங்கள்.

மகரந்தம் கிடைத்தாலும் அதை எண்ணிய உடனே காட்டை வரைந்துவிட முடியாது. பெரும்பாலான மாணவர்கள் சறுக்கும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். புல்லும் கோரையும் காற்றை நம்பி மகரந்தத்தை அள்ளி வீசுகின்றன. புளி, வேம்பு முதலிய மரங்களோ பூச்சியை நம்பி வாழ்பவை. அவற்றின் மகரந்தம் அளவிலும் குறைவு, மரத்தை விட்டு அதிகத் தொலைவு போவதும் இல்லை. ஆகவே நூற்றுக்கு 60 புல் மகரந்தம் கிடைத்ததால் அங்கே மரமே அரிது என்று எழுதுவது தவறாகிவிடும். இன்றைய காட்டின் தரையிலிருந்து பாசியையும் மேல்மண்ணையும் எடுத்து, அதில் என்ன விகிதத்தில் மகரந்தம் விழுகிறது, மேலே என்ன விகிதத்தில் மரங்கள் நிற்கின்றன என்று முதலில் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். பென்னாகரம் பக்கத்துக் காட்டில் ஒன்று, அரூர்ப் பக்கத்துச் சித்தேரி மலையில் ஒன்று என இரண்டு இடங்களில் இதைச் செய்தாலே தங்கள் துறைக்கு அது ஒரு நல்ல ஆய்வாகும். பழைய மண்ணே தேவைப்படாது.

ஆற்றுப் படிவில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிறிய குளத்தில் விழுவது பெரும்பாலும் சுற்றுப்புறத்துத் தாவரங்களின் மகரந்தம். ஆறோ மேல்நிலமெல்லாம் கழுவிக்கொண்டு வருகிறது. காவேரிப்பட்டணத்துக் களியில் கிடைக்கும் ஒரு துகள் கர்நாடகத்தில் பூத்த மரத்திலிருந்தும் வந்திருக்கலாம். போதாக்குறைக்கு, கரை இடியும்போது பழைய அடுக்கில் இருந்த மகரந்தம் புதிய அடுக்கில் போய்ச் சேரும். அந்த இடத்திலேயே எது வளர்ந்தது என்று அறிய மகரந்தத்தைவிட விதையும் இலையும் தண்டும் நம்பத்தக்கவை. அவற்றுள்ளும் முனை முறியாதவையே சிறந்தவை. சம்பங்கோரையின் விதையும், தேங்கிய தெளிநீரில் வளரும் காரா பாசியின் சுண்ணாம்புக் காய்களும் ஒரே அடுக்கில் கிடைத்தால் அங்கே மெதுவான, ஆழமற்ற நீர் இருந்தது என்று துணிந்து சொல்லலாம். நீர்மருது மரத்தின் கரித்துண்டு கிடைத்தால் ஆற்றங்கரைச் சோலையை நினைக்கலாம். ஒகேனக்கல் பக்கம் காவிரிக் கரையில் இன்றும் அம்மரங்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

நமக்கு அருகில் மிக நீண்ட தாவர வரலாறு கிடைத்திருப்பது நீலகிரியின் சதுப்பு மண்ணில். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், அம்மண்ணிலுள்ள கரிமத்தின் ஐசோடோப்பு விகிதத்தை, அதாவது கனமான கரிம அணுக்களுக்கும் இலகுவானவற்றுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டே புல்வெளியும் காடும் மாறிமாறி விரிந்த வரலாற்றைக் காட்டினார்கள். இந்த விகிதம் ஓர் ஒப்பீட்டு அளவைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று கணக்கிட்டால் மரங்களின் கரிமம் கழித்தல் 27 அளவிலும், வெப்பநிலப் புற்களின் கரிமம் கழித்தல் 13 அளவிலும் இருப்பதால் இது முடிகிறது. கடைசிப் பனியூழியின் உச்சத்தில் அங்கே வறட்சியைத் தாங்கும் புற்கள் மேலோங்கியிருந்தன. மகரந்தம் அழிந்துபோன மண்ணிலும் இந்த விகிதம் ஓரளவு தங்கியிருக்கும் என்பதால் தங்கள் செம்மண்ணுக்கு இதுவே பொருத்தமான முறை.

மகரந்தத்தை இனங்காண ஒப்பீட்டுத் தொகுப்பு வேண்டும். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனத்தில் வெப்பமண்டலத் தாவரங்களின் மகரந்தத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் கணபதி தணிகைமணி. 1986இல் கராச்சியில் நடந்த விமானக் கடத்தலில் உயிரிழந்தவர். லக்னோவில் 1946இல் தொடங்கப்பட்ட பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனமும் இத்துறைக்கெனவே இயங்குவது.

அரூரிலிருந்து ஒரு வாசகர்: வாணியாற்றங்கரை மண்ணில் நத்தை ஓடுகள் அடுக்காகக் கிடக்கின்றன. இவற்றின் வயதைக் கரிமக் கணக்கீட்டில் காணலாமா?

காணலாம்; கரிமத்தின் கதிரியக்க வகை காலப்போக்கில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து வயதைக் கணிப்பதே கரிமக் கணக்கீடு. ஆனால் விடை பெரும்பாலும் கூடுதலாகவே வரும். நத்தை தன் ஓட்டைக் கட்டும்போது நீரிலும் மண்ணிலும் கரைந்துள்ள பழைய சுண்ணாம்பின் கரிமத்தையும் சேர்த்துக்கொள்கிறது. அதே அடுக்கில் ஒரு கருகிய விதை கிடைத்தால் அதை அனுப்புங்கள். நத்தையின் இனத்தைக் கொண்டு நீர் ஓடியதா தேங்கியதா என்று அறிவதே ஓட்டின் சரியான பயன்.

பென்னாகரத்திலிருந்து தமிழாசிரியர் ஒருவர்: அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்ததாக ஔவையார் புறநானூற்றின் 99ஆம் பாடலில் குறிப்பிடுகிறார். தகடூர் நாட்டின் ஆற்றுப் படிவுகளில் பழைய கரும்பின் எச்சத்தைத் தேடி இதை உறுதிப்படுத்த இயலுமா?

இக்கேள்வியை எழுப்பியதற்கு நன்றி. இயலும் என்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் கரும்பு இத்துறையில் மிகவும் சங்கடமான பயிர்களுள் ஒன்று.

தானியங்களும் பயறுகளும் அடுப்பில் தவறி விழுந்து கருகுவதால் நமக்குக் கிடைக்கின்றன. கருகிய பொருளைக் கிருமிகள் தின்பதில்லை. கரும்பைக் கரணை நட்டு வளர்க்கிறோம், பூப்பதற்கு முன்பே வெட்டுகிறோம், பிழிந்து சாற்றை எடுத்துக்கொண்டு சக்கையை எரித்துவிடுகிறோம். கருகித் தங்குவதற்கு விதை இல்லை. பூக்க விடாததால் மகரந்தமும் அரிது. கிடைத்தாலும் அது மற்றப் புற்களின் மகரந்தத்திலிருந்து வேறு தெரியாது. புல் குடும்பத்து மகரந்தம் நுண்ணோக்கியில் ஏறத்தாழ எல்லாமே ஒரே துளையுள்ள உருண்டைகள்தாம்; மக்காச்சோளத்தை மட்டும் அதன் பெரிய உருவத்தால் அடையாளம் காணலாம்.

எஞ்சுவது ஃபைட்டோலித். புற்கள் மண்ணிலிருந்து உறிஞ்சும் சிலிக்கா அவற்றின் உயிரணுக்களில் நிறைந்து, அந்த அணுவின் வடிவத்திலேயே கண்ணாடித் துகளாகிறது. தாவரம் மட்கினாலும் எரிந்தாலும் அத்துகள் மண்ணில் தங்கும். நெல்லுக்கு இது மிகவும் கைகொடுக்கிறது: நெல் இலையின் விசிறி வடிவத் துகளையும், உமியின் இரட்டைக் கூம்புத் துகளையும் பழகியவர்கள் எளிதில் இனங்காண்பார்கள். கரும்பின் துகள்களோ சோளம் முதலான அதன் சுற்றத்துப் புற்களின் துகள்களோடு பெரிதும் ஒத்தவை. எல்லாவற்றிலும் பெரிய தொல்லை நாணல்தான். அது கரும்பின் பேரினத்தையே சேர்ந்தது. ஆற்றங்கரைதான் அதன் சொந்த இடம். தென்பெண்ணை மணல்திட்டில் தோண்டிக் கிடைக்கும் துகளை அதியமான் மரபினர் கொணர்ந்த கரும்பு என்று ஒருவர் எழுதினால், அது யாரும் நடாமல் தானே வளர்ந்த நாணல் அன்று என்பதை அவர்தான் மெய்ப்பிக்க வேண்டும்.

ஆகவே ஆற்றுப் படிவில் தேடுவதைவிடக் குடியிருப்பு மேடுகளில் தேடுவதே பொருத்தம். ஆலையின் பகுதிகளோ, பாகு காய்ச்சிய கலங்களின் உட்பக்கத்தில் ஒட்டிய எச்சமோ, அடுப்புச் சாம்பலில் மிகுதியான சக்கைத் துகளோ ஒன்றாகக் கிடைத்தால் அது வலுவான சான்றாகும். இல்லையென்றால் பாடல் பொய்யாகிவிடாது. கரும்பு தடயம் விடாத பயிர் என்பது மட்டுமே தெளிவாகும்.

ஊத்தங்கரையிலிருந்து ஒரு வாசகி: 2024 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தென்னந்தோப்பில் ஒரு சாண் அளவுக்கு மண் படிந்தது. ஆயிரம் ஆண்டு கழித்து வருபவர்களுக்கு இந்த வெள்ளம் தெரியுமா?

ஃபெஞ்சல் புயலின் எச்சத்தால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய வெள்ளம்கூடப் பெரும்பாலான இடங்களில் தடமில்லாமல் மறையும் என்றால் நம்பக் கடினமாக இருக்கும். உழவு ஓட்டினால் ஒரு சாண் மண் ஓரிரு பருவத்தில் பழைய மண்ணோடு கலந்துவிடும். உழாத தோப்பிலும் மண்புழுவும் கறையானும் வேரும் அதே வேலையை மெதுவாகச் செய்யும்.

வெள்ளம் தங்கியிருப்பது வேறு இடங்களில். பெரிய ஆறு நிரம்பி ஓடும்போது அதன் நீர் கிளை ஆற்றின் வாய்க்குள் எதிர்த்து ஏறும். அங்கே ஓட்டம் நின்றுபோவதால் கலங்கலில் இருந்த பொடிமணலும் வண்டலும் அமைதியாகப் படியும். பாறை இடுக்குகளிலும் இவ்வாறே. வெள்ளம் வடிந்தபின் அதன்மேல் சருகும் சரிவு மண்ணும் விழுந்து மூடும். அடுத்த பெருவெள்ளம் வந்து அதன்மேல் இன்னோர் அடுக்கை வைக்கும். சருகு அடுக்குகளை எண்ணினால் வெள்ளங்களை எண்ணலாம். மிக உயரத்தில் உள்ள படிவு வரையாவது நீர் ஏறியிருக்கிறது என்பதால், அந்த இடத்தில் ஆற்றின் குறுக்குவெட்டை அளந்து நீரின் அளவையும் மதிப்பிடலாம். புனேயைச் சேர்ந்த விஸ்வாஸ் காலே நர்மதை முதலிய ஆறுகளின் பாறைக் குடைவுகளில் இம்முறையில் பல நூற்றாண்டு வெள்ளங்களை ஆராய்ந்திருக்கிறார். பாம்பாறு தென்பெண்ணையில் சேரும் இடத்திலும், சின்னாறு காவிரியில் சேரும் இடத்திலும் இத்தகைய படிவு இருக்கிறதா என்று பார்ப்பது பயனுள்ள வேலை.

தங்கள் தோப்பு மண்ணில் ஒரு வசதியும் உண்டு. அதில் பால் பாக்கெட் உறையும் தின்பண்ட உறையும் சிக்கியிருந்தால், அவற்றில் அச்சிட்ட தேதியே அந்த அடுக்கு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது என்பதைச் சொல்லிவிடும். இன்றைய ஆற்றியல் ஆய்வாளர்கள் இதைச் சிரிக்காமல் குறித்துக்கொள்கிறார்கள்.

பர்கூரிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் மாவட்டத்து அகழாய்வு இடமான மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். இரும்பில் கரிமம் இல்லையே, கரிமக் கணக்கீட்டில் இது எப்படித் தெரிந்தது?

கணிக்கப்படுவது இரும்பின் வயது அன்று. இரும்பு கிடைத்த அடுக்கில் இருந்த கரிமப் பொருளின் வயது. ஆகவே இரண்டும் ஒரே காலத்தில் அங்கு வந்து சேர்ந்தவை என்பதை அடுக்குதான் உறுதிசெய்ய வேண்டும். எலி வளையும் மர வேரும் ஊடுருவாத இடத்தில் மாதிரி எடுப்பதும், ஆழத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் குறிப்பதும் இதற்காகவே. மயிலாடும்பாறையில் கி.மு. 1615 என்ற இன்னொரு காலமும் கிடைத்தது.

பொதுவாக ஒன்று சொல்லலாம். கரித்துண்டைக் கணக்கிட்டால், அந்த மரத்தின் குறிப்பிட்ட வளையம் வளர்ந்த ஆண்டு கிடைக்கிறது. எரித்த ஆண்டு கிடைப்பதில்லை. 200 ஆண்டு வாழ்ந்த மரத்தின் நடுத்தண்டு எரிந்திருந்தால் விடை 200 ஆண்டு முந்தியதாக வரும். நெல்மணி ஒரே பருவத்தில் விளைந்து முடிவது என்பதால் அதில் இந்தக் குழப்பம் இல்லை. பழனி அருகிலுள்ள பொருந்தலில் ஈமச்சின்னத்துக் கலத்திலிருந்த நெல்லுக்குக் கி.மு. 490, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் தாழியிலிருந்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று கிடைத்த காலங்களுக்குத் தனி மதிப்பு இருப்பது அதனால்தான். கருகிய மணிகளைப் பிரிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை: தோண்டிய மண்ணை நீர்த்தொட்டியில் மெல்லக் கரைத்தால் கரியும் விதையும் மிதக்கும், அவற்றை அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கண்ணுள்ள சல்லடையில் பிடித்து நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் விதைகள் வெடித்துவிடும்.

போச்சம்பள்ளியிலிருந்து விவசாயி ஒருவர்: எங்கள் பகுதி ஏரிகளில் வண்டல் எடுக்க அனுமதி தந்திருக்கிறார்கள். அள்ளிக்கொண்டு போகும் மண்ணில் வரலாறும் போய்விடும் என்கிறார் என் மகன். வண்டல் எடுப்பது தவறா?

தவறில்லை. தூர்வாராத ஏரியில் நீர் நிற்காது. நிலத்துக்கும் வண்டல் நல்லது. ஆனால் மகன் சொல்வதிலும் உண்மை உண்டு. ஏரியின் ஆழமான பகுதியில், இடையூறில்லாமல் படிந்த வண்டல் அந்த ஊரின் சில நூற்றாண்டு மழையையும் பயிரையும் அடுக்கி வைத்திருக்கும்.

அதைப் படிக்கச் சில காலக்குறிகள் இருக்கின்றன. அணுகுண்டுச் சோதனைகளால் உலகெங்கும் பரவிய சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள், 1963ஐ ஒட்டிய அடுக்கில் உச்சம் அடையும். கதிரியக்கமுள்ள ஈயம்-210இன் அரை ஆயுள் (அது பாதியாகத் தேயும் காலம்) ஏறத்தாழ 22 ஆண்டு; கடந்த 100 முதல் 150 ஆண்டு வரையான படிவை அதன் துணையால் கணக்கிடலாம். மக்காச்சோள மகரந்தம் காணப்படும் அடுக்கு, அப்பயிர் அமெரிக்காவிலிருந்து இங்கு வந்த 16ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. தைல மரத்தையும் சீமைக் கருவேலத்தையும் இதே போலப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். தைல மர மகரந்தம் நாவல் மகரந்தத்தையும், சீமைக் கருவேல மகரந்தம் நம் வன்னி மரத்தின் மகரந்தத்தையும் ஒத்திருப்பதால், தேர்ந்தவர் அல்லாதார் அவற்றை நம்பி எழுதாமல் இருப்பது நல்லது.

முன்பே தூர்வாரிய ஏரியில் அடுக்குகள் அறுபட்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். எப்போது, எந்தப் பக்கம் மண் எடுத்தார்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது ஆய்வகச் சோதனைக்கு நிகரான உதவி. இயந்திரம் இறங்கும் முன், மதகுக்கு அருகில், இதுவரை யாரும் தொடாத இடத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு மண்ணை அப்படியே விட்டுவைக்கும்படி ஓட்டுநரிடம் சொல்லலாம். அதற்கும் வழியில்லை என்றால், வெட்டிய சுவரில் ஒரு நாடாவைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு 5 சென்டிமீட்டருக்கும் கைப்பிடி மண்ணைத் தனித்தனிப் பையில் எடுங்கள். கீழிருந்து தொடங்கி மேலே வாருங்கள். இல்லையேல் மேல்மண் உதிர்ந்து கீழ்மண்ணில் கலக்கும். ஒவ்வொரு மாதிரிக்கும் இடையில் கரண்டியைக் கழுவித் துடையுங்கள். பையின் மேல் பென்சிலால் ஆழத்தை எழுதிய அட்டையைக் கட்டுங்கள், பேனா மை ஈரத்தில் ஊறிவிடும். வீட்டில் குளிர்ச்சியான, இருட்டான மூலையில் அவற்றை வைத்து, அருகிலுள்ள கல்லூரியின் புவியியல் அல்லது தாவரவியல் துறைக்குத் தகவல் கொடுக்கலாம். சுவர் முழுவதையும் நாடாவோடு சேர்த்து எடுத்த ஒரு நிழற்படமும், சுவர் நின்ற இடத்தை மதகிலிருந்து எத்தனை அடி என்று குறித்த தாளும் உடன் இருக்க வேண்டும்.